ஐந்து மாத நாட்டு நாய்க்குட்டியை வீட்டோடு பழக்குவது எப்படி?

உறையூர்வாசி (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். திருச்சி உறையூரில் முன்வாசலும் கொல்லைப்புறமும் உள்ள பழைய வீட்டில் நான், கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், மாமியார் என நால்வர் வசிக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன்பு மழை நாளொன்றில் தெருமுனைச் சாக்கடைப் பாலத்தின் அடியிலிருந்து மகன் தூக்கிக்கொண்டு வந்த பெட்டைக்குட்டி இப்போது எங்களோடுதான் இருக்கிறது. கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு ஐந்து மாதம் இருக்கும் என்றார். தடுப்பூசிகள் போட்டாயிற்று. நல்ல கறுப்பு என்பதால் மிளகு என்று பெயர் வைத்தோம்.

குட்டி அறிவானதுதான், ஆனால் வீடு அதன் வசத்தில் இருக்கிறது. கொல்லைக் கதவு திறந்திருந்தாலும் வாசற்படியில் கிடக்கும் மிதியடியில்தான் சிறுநீர் கழிக்கிறது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே நின்றுகொண்டு கடைசிக் கவளம் வரை குரைக்கிறது. கணவரின் வேட்டி நுனியை விடுவதில்லை. கூப்பிட்டால் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். காலையில் என் மாமியார் வாசலில் கோலம் போடக் குனிந்தால் மட்டும் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுவதும் குரைப்பதும்தான் எங்களுக்குப் புரியவில்லை. அதற்கு வேளாவேளைக்குச் சோறு வைப்பவர் அவர்தான். "என் கையால் தின்றுவிட்டு என்னைப் பார்த்தே குரைக்கிறது" என்று அவருக்கு மனம் விட்டுப்போயிற்று.

பழக்கும் இடத்தில் ஒரு மாதம் விட்டு எடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் காலை 8.30க்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை 5.30 ஆகும். தனியாக நேரம் ஒதுக்காமல் அன்றாட வேலைகளுக்கு நடுவிலேயே ஒரு நாயைப் பழக்க முடியுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நடைத்தோழன்
திங்கள், இரவு 10.35

முடியும். இன்னும் சொன்னால் அப்படிப் பழக்குவதுதான் நிலைக்கும். சமையலறையில் "உட்கார்" என்றால் உட்காரும் குட்டிக்குத் தெருவில் அதே சொல் புதுச் சொல்லாகத்தான் கேட்கும், ஏனென்றால் கற்றதை இடம் மாற்றிப் பொருத்திப் பார்ப்பதில் நாய்கள் மனிதர்களைவிட மிகவும் மெதுவானவை. ஒரு மாதம் வேறோர் இடத்தில் வேறொருவர் குரலுக்குப் பழகி வரும் மிளகு, உங்கள் வீட்டு மிதியடியைப் பார்த்ததும் பழைய மிளகாகிவிடும். எனவே அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

சிறுநீர்ப் பிரச்சினையை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. ஐந்து மாதக் குட்டியால் பகலில் நான்கைந்து மணி நேரம் அடக்க முடியும். நீங்கள் வீட்டில் இல்லாததோ ஒன்பது மணி நேரம். ஆகவே நண்பகலில் உங்கள் மாமியார் ஒருமுறை அதைக் கொல்லைக்கு அழைத்துப் போவதைத் தவிர வேறு வழியில்லை. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட கால் மணி அரை மணிக்குள், விளையாடி ஓய்ந்தவுடன் என மூன்று வேளைகள் உண்டு. அந்த மூன்றிலும் கதவைத் திறந்துவிட்டால் போதாது, கூடவே போய் ஒரே மரத்தடியில் பேசாமல் நிற்க வேண்டும். காரியம் முடிந்த அந்த நொடியிலேயே, அங்கேயே, "நல்ல பொண்ணு" என்று சொல்லி ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் உள்ளே ஓடி வந்ததற்குத்தான் கூலி கிடைத்தது என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும்.

மிதியடிகள் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குச் சுருட்டிப் பரணில் போடுங்கள். காலுக்கு மெத்தென்று படும் பரப்பில் கழித்துப் பழகிய குட்டி அத்தகைய பரப்பையே தேடும். கழித்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நீர் கலந்த வினிகரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். நம் மூக்குக்கு வாசனை போயிருந்தாலும் அதன் மூக்குக்குப் போயிருக்காது. அமோனியா நெடி உள்ள திரவங்களைத் தொடாதீர்கள், அந்த நெடி சிறுநீரை ஒத்திருப்பதால் மறுபடி அதே இடத்துக்கு அழைப்பு விடுத்ததுபோல் ஆகும்.

கோல விஷயம் எனக்கும் பிடிபடவில்லை. உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் வீட்டில் யார், எந்தச் செயலுக்கு, என்ன சொல் சொல்லி மிளகிடம் பேசுகிறார்கள் என்று இரண்டு நாள் கவனித்து எழுதுங்கள். திருத்தாமல் அப்படியே எழுதுங்கள்.

கரிசல்காடு
செவ்வாய், காலை 6.20

சாத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து சிப்பிப்பாறை நாய்கள் உண்டு. யாரும் தின்பண்டம் கொடுத்துப் பழக்கியதில்லை. அப்பாவின் தொண்டைச் செருமலுக்கே நாய் எழுந்து நிற்கும். தப்புச் செய்தால் செய்தித்தாளைச் சுருட்டி ஒரு தட்டு, அதோடு சரி. இப்போது ஒவ்வொன்றுக்கும் லஞ்சம் கொடுத்துக் கெடுத்துவிட்டு, பிறகு நாய் பேச்சுக் கேட்கவில்லை என்று வருந்துகிறோம். செய்த தப்பு அதற்கே தெரியும். மிதியடியை நனைத்துவிட்டு அது மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் போய் ஒடுங்குவதைப் பார்த்திருப்பீர்களே!

இரண்டாம்மாடி
செவ்வாய், காலை 8.05

ஐயா சொல்வதை வழிமொழிகிறேன். நாய் ஓநாயின் வழித்தோன்றல், கூட்டத்துக்கு ஒரு தலைவன் வேண்டும். நாங்கள் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் லாப்ரடார் வளர்க்கிறோம். முதலில் நாம் சாப்பிட வேண்டும், வாசலை முதலில் நாம் தாண்ட வேண்டும், முரண்டு பிடித்தால் மல்லாக்கப் படுக்கவைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நடைத்தோழன்
செவ்வாய், இரவு 9.50

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், சற்று நீளும்.

தலைவன் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக்காட்சிச் சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதிய கட்டுரைக்குப் போய்ச் சேரும். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் அவை முட்டி மோதித்தான் வரிசை அமைத்துக்கொள்ளும். அந்தக் கருத்தை 1970இல் தம் நூலின் வழியாகப் பரவலாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மீச், பிறகு கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் அருகிருந்து பார்த்துவிட்டு, அங்கே கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்றும் தலைமைக்கு அடிதடி நடப்பதில்லை என்றும் 1999இல் கட்டுரை எழுதினார். தம் பழைய கருத்தைத் தாமே திருத்திக்கொண்ட பெரிய மனம் அவருடையது. மல்லாக்கப் போட்டு அழுத்தப்பட்ட குட்டி, அஞ்சுவதற்குத்தான் கற்றுக்கொள்ளும். ஒரு நாள் உறுமாமலே கடித்துவிட்டால் அந்தக் கடியைக் கற்றுக்கொடுத்தது நாமாகத்தான் இருப்போம்.

கரிசல்காடு ஐயா, "தப்பு அதற்கே தெரியும்" என்பதை நானும் பல ஆண்டுகள் நம்பியவன்தான். நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து நடத்திய சோதனை 2009இல் வெளிவந்தது. தின்னக் கூடாது என்று சொல்லப்பட்ட பண்டத்தை நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதை உரிமையாளர்களுக்குச் சில வேளைகளில் மாற்றிச் சொன்னார்கள். நாய் தொங்கிய முகம் காட்டியது திட்டு வாங்கியபோதுதான், தப்புச் செய்ததற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. மூலையில் ஒடுங்குகிற மிளகு உங்கள் முகத்தைப் படிக்கிறது, மிதியடியை நினைத்து அது வருந்தவில்லை. சிறுநீருக்காக அடி வாங்கிய குட்டி, மனிதர் எதிரில் கழிப்பதுதான் ஆபத்து என்று முடிவுகட்டி, கட்டிலுக்கு அடியைத் தேடிப் போகும். அதன்பிறகு நீங்கள் கொல்லையில் எவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றாலும் கழிக்காது. கழிக்கும்போதே பார்த்துவிட்டால் மெல்லக் கைதட்டித் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடுங்கள். பிறகு பார்த்தீர்களானால் பேசாமல் துடைத்துவிட்டுப் போங்கள்.

லஞ்சத்துக்கும் கூலிக்கும் வேறுபாடு உண்டு. வேலைக்கு முன்பே காட்டி ஆசைகாட்டுவது லஞ்சம், வேலை முடிந்த பின் கொடுப்பது கூலி. மாதச் சம்பளம் இல்லாமல் நம்மில் யாரும் வேலைக்குப் போவதில்லை.

கரிசல்காடு
செவ்வாய், இரவு 10.30

உங்கள் நாய்க்குச் சேமநல நிதி பிடித்தம் உண்டா என்பதையும் சொல்லிவிடுங்கள். படித்தேன், யோசிக்கிறேன்.

உறையூர்வாசி
வியாழன், இரவு 9.25

நடைத்தோழன் கேட்ட பட்டியலை எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது.

உட்கார வைக்க நான் "உட்கார்" என்கிறேன், மகன் "சிட்" என்கிறான், மாமியார் "உக்காருடி ராசாத்தி" என்கிறார், கணவர் விரலை மட்டும் நீட்டுகிறார். மேலே தாவும்போது நான் "இறங்கு" என்பேன், மகன் "டவுன்" என்பான், கணவர் "ஏய்" என்பார், மாமியார் "வேண்டாண்டி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே தடவிக்கொடுப்பார். காத்திருக்கச் சொல்ல எல்லோரும் "இரு" என்கிறோம். ஆனால் "இரு, வரேன்", "கொஞ்சம் இரு", "சும்மா இரு" என்று எங்களுக்குள்ளேயே ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லிக்கொள்கிறோம். "வா" என்ற சொல்லுக்கோ கணக்கே இல்லை. பால்காரரைப் பார்த்து வா, மகனைச் சாப்பிட வா, பக்கத்து வீட்டம்மாவை உள்ளே வா என்று வீடே வாவாவென்று இரைகிறது.

தட்டின் முன் நின்று குரைப்பதற்கும் காரணம் தெரிந்துவிட்டது. மாமியார் தம் இலையிலிருந்து இட்லித் துண்டைக் கிள்ளி, நாங்கள் பார்க்காதபோது, புடவைத் தலைப்பின் மறைவில் போடுகிறார். கேட்டால், "எப்போதாவது ஒரு வாய், அதுவும் வாயில்லா ஜீவன்" என்கிறார்.

சொல்லேர்
வெள்ளி, காலை 7.15

இந்தப் பட்டியலைச் சட்டம் போட்டு மாட்டலாம். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வீட்டில் கோம்பை நாய் இருக்கிறது, ஆதலால் இரண்டு தகுதியும் உண்டு என்ற துணிவில் சொல்கிறேன்.

நாய்க்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்கு ஓசை மட்டுமே. "உட்கார்", "உக்காருடி ராசாத்தி", "சிட்" மூன்றும் அதற்கு மூன்று தனித்தனிச் சொற்கள், மூன்றையும் கற்றுக்கொள்ள மும்மடங்கு காலம் ஆகும். பலர் ஆங்கில ஏவற்சொற்களை நாடுவதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. "சிட்" என்ற ஓசை தமிழ்ப் பேச்சின் நடுவே தற்செயலாக அடிக்கடி வருவதில்லை. "வா", "போ", "இரு" ஆகியவை நாள் முழுவதும் நம் வாயில் புரள்பவை. நூறு முறை பொருளின்றிக் காதில் விழுந்த ஒலியை நாய் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்துத் தள்ளிவிடும். மிளகு சில நாள் வருவதும் சில நாள் வராததும் இதனால்தான்.

இதற்காக ஆங்கிலத்துக்கு ஓட வேண்டியதில்லை. பேச்சில் தேய்ந்துபோகாத தமிழ்ச் சொற்கள் நிறைய இருக்கின்றன. எங்கள் வீட்டில் "வா" என்பதற்குப் பதிலாக "ஓடியா" என்போம். "இரு" என்பதற்கு "நில்". பேச்சில் எல்லோரும் "நில்லு" என்று சொல்லிவிடுவதால் தூய "நில்" எங்கள் நாய்க்கென்றே ஒதுங்கிக் கிடக்கிறது. வாயில் கவ்வியதை விட "விட்டுடு". தேர்ந்தெடுக்கும்போது முதலெழுத்தும் ஓசையும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சொற்களைத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒரு சொல்லை ஒருமுறைதான் சொல்ல வேண்டும். "உட்கார், உட்கார், உட்காரு" என்று அடுக்கினால், மூன்றாவது முறைக்குத்தான் உட்கார வேண்டும் என்பதை அது விதியாக எடுத்துக்கொள்ளும்.

பின்கட்டு
வெள்ளி, பிற்பகல் 2.40

தெருக்குட்டிகளை எடுத்து, தடுப்பூசி போட்டு, வீடு கிடைக்கும் வரை வைத்திருந்து அனுப்பும் வேலையைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கோலத்தைப் பற்றி ஒருவரும் எழுதாததால் எழுதுகிறேன்.

உங்கள் மாமியார் குனியும்போது மட்டும் குரைக்கிறது என்கிறீர்கள். நம் தெருவில் ஒரு நாயை விரட்ட வேண்டுமானால் நாம் என்ன செய்வோம்? கல் இல்லாவிட்டாலும் கல் எடுப்பதுபோலக் குனிவோம். அது போதும், நாய் ஓடிவிடும். அந்தக் குனிவுக்கு அடுத்து என்ன வரும் என்பது தெருவில் பிறந்த ஒவ்வொரு குட்டிக்கும் தெரியும். தாய் ஓடுவதைப் பார்த்தே குட்டிகள் கற்றுக்கொள்ளும், தன் மேல் கல் விழுந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூல், ஏறத்தாழ 3ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரையிலான காலத்தைக் குட்டியின் மனம் எளிதில் பதியும் காலம் என்று காட்டியது. நீங்கள் சொல்லும் கணக்குப்படி மிளகு அந்தக் காலம் முழுவதையும் பாலத்தின் அடியில்தான் கழித்திருக்கிறது.

இப்போது கோலத்தை அதன் கண்ணால் பாருங்கள். விடிந்தும் விடியாத நேரம். இடம் வீட்டுக்கு வெளியே, தெருவோரம். ஓர் ஆள் தரையை நோக்கிக் குனிந்து எதையோ கைப்பிடியாக எடுத்து, கையை ஆட்டி ஆட்டிக் கீழே விடுகிறார். வீட்டுக்குள் சோறு போடும் அதே அம்மாள்தான் இவர் என்பது அந்த நொடியில் அதற்கு எட்டுவதில்லை. அது நன்றிகெட்டுக் குரைக்கவில்லை. பயந்து குரைக்கிறது. உங்கள் மாமியாரிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள், அவர் மனம் ஆறட்டும்.

மருந்தும் அவர் கையில்தான் இருக்கிறது. தலைப்பின் மறைவில் போய்ச் சேரும் அந்த இட்லித் துண்டை இடம் மாற்றுங்கள். முதல் சில நாள்கள் வீட்டுக்குள்ளேயே, மிளகு ஐந்தாறு அடி தள்ளி நிற்கும்போது, அவர் இலேசாக முழங்காலை மடக்கி, தரையில் ஒரு துண்டை வைத்துவிட்டு நிமிர்ந்து விலகட்டும். அதைப் பார்க்கவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். மிளகு உறுமினால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள், அடுத்த முறை குனிவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். உறுமலுக்காக அதட்டாதீர்கள், அது எச்சரிக்கை மணி, அறுத்துவிட்டால் நமக்குத்தான் ஆபத்து. குனிந்தால் கல் வரும் என்ற பழைய கணக்கு, குனிந்தால் இட்லி வரும் என்று மாறும் வரை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டாம். அதுவரை கோலம் போடும் கால் மணி நேரமும் மிளகு கொல்லையில் இருக்கட்டும்.

உறையூர்வாசி
வெள்ளி, இரவு 8.50

பின்கட்டு எழுதியதை மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சின்ன வயதில் நானும் அப்படிக் குனிந்து விரட்டியிருக்கிறேன்" என்றார். நாளை முதல் தொடங்குகிறோம்.

நடைத்தோழன்
சனி, காலை 6.45

பின்கட்டுக்கு என் வணக்கம். இத்தனை ஆண்டுகள் நாய் வளர்த்தும் அந்தக் குனிவு எனக்குத் தோன்றவில்லை, எங்கள் வீட்டு நாய்கள் எல்லாம் கூண்டில் பிறந்து வந்தவை.

இனித் தட்டின் முன் குரைப்பதற்கு வருகிறேன். "எப்போதாவது ஒரு வாய்" என்பதுதான் ஆகக் கெட்ட பழக்கம். ஒவ்வொரு முறையும் கிடைத்துவந்தது நின்றுபோனால் நாய் சீக்கிரம் கைவிட்டுவிடும். பத்து முறை கேட்டு ஒரு முறை கிடைத்தால் நூறு முறையும் கேட்கும், லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களின் நம்பிக்கை அது. நீங்கள் அடியோடு நிறுத்தியதும் முதல் மூன்று நான்கு நாள் குரைப்பு கூடும். பயந்து ஐந்தாம் நாள் ஒரு துண்டு போட்டால், இன்னும் பலமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று நீங்களே கற்பித்தவர்கள் ஆவீர்கள்.

ஆனால் செய்யாதே என்பதை மட்டும் ஒரு குட்டிக்குக் கற்றுத்தர இயலாது, அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொடுக்க வேண்டும். பழைய கோரைப் பாய் ஒன்றில் இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, சாப்பிடும் இடத்திலிருந்து எட்டடி தள்ளி விரியுங்கள். குட்டி தற்செயலாக அதில் கால் வைத்தால் ஒரு துண்டைப் பாயின் மேலேயே போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். நான்கு காலும் வைத்தால் மறுபடி. அதுவாகப் படுத்தால் மூன்று துண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. அது பாயை நோக்கி நடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் "பாய்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், அதற்கு முன் சொன்னால் வெறும் சத்தம். முதலில் ஒரு நொடி படுத்தால் கூலி, பிறகு மூன்று, பிறகு பத்து. இந்தப் பாடத்துக்கெனத் தனி நேரம் வேண்டாம். குக்கர் மூன்று விசில் அடிக்கும் வரை நீங்கள் அடுப்படியில் நிற்கத்தானே வேண்டும்? அந்த நேரம் போதும்.

கூலிக்கு அவித்த கோழி, முட்டை, கேரட், பனீர் எதுவானாலும் கடலைப் பருப்பு அளவுக்கு மேல் வேண்டாம், அதையும் அன்றைய உணவிலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. இட்லி சரி, ஆனால் வெங்காயச் சாம்பாரில் தோய்ந்த இட்லி கூடாது.

வேட்டிக் கடிக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். 28 பாற்பற்களும் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் பருவம் இது, ஏழாம் மாதத்துக்குள் முடிந்துவிடும். ஈரத் துணியை முடிச்சிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொடுங்கள், ஈறுக்கு இதமாக இருக்கும். வேட்டியைக் கவ்வினால் கணவர் அசையாமல் நிற்கட்டும். இழுத்தால் அது விளையாட்டு.

இரண்டாம்மாடி
சனி, காலை 9.30

எல்லாம் சரி, "பாய்" என்று ஏவினால் பாய்ந்துவிடாதா? எதிர் வீட்டுப் பாய் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாலும் வருவார்.

(தலைவன் முறையை நேற்றிலிருந்து நிறுத்திவிட்டோம் என்பதையும் பதிவு செய்கிறேன். லிஃப்ட் கதவு திறக்கும் முன் இழுத்துப் பிடிப்பதற்குப் பதிலாக, உட்கார்ந்தால்தான் பொத்தானை அழுத்துவது என்று வைத்திருக்கிறோம். இரண்டாம் நாளே பொத்தானைப் பார்த்து உட்காருகிறது.)

சொல்லேர்
சனி, காலை 10.10

அந்த ஐயம் இலக்கணப்படி நியாயமானதுதான். ஆனால் மிளகு நன்னூல் படிக்காததால் ஆபத்து இல்லை.

கரிசல்காடு
ஞாயிறு, இரவு 9.00

மூன்று நாளாக எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது வெள்ளையன் என்று ஒரு சிப்பிப்பாறை இருந்தது. இந்த இன நாய்கள் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. தொலைவில் முயல் ஒன்று அசைந்தால் போதும், அதன்பின் காது இருப்பதையே மறந்துவிடும். ஒரு நாள் மாலை பருத்திக் காட்டில் ஓடிப்போய்விட்டது. அப்பா அரை மணி நேரம் கூப்பிட்டார். ஒருவழியாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாலை ஆட்டியபடி வந்து அவர் காலடியில் நின்றது. இவ்வளவு நேரம் அலைக்கழித்த ஆத்திரத்தில் அப்பா சாட்டைக் கம்பால் இரண்டு வைத்தார்.

அன்றைக்குப் பிறகு வெள்ளையன் கூப்பிட்டால் வரும், வராமல் இல்லை. ஆனால் கைக்கெட்டாத தூரத்தில், சரியாக ஒரு கம்பு நீளம் தள்ளி நின்றுவிடும். சாகும் வரை அப்படித்தான். அப்பாவும் அதன்பின் எத்தனையோ முறை கறித்துண்டை நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். பேச்சுக் கேட்கும் நாய் என்று ஊரில் பெயர் வாங்கியது, நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். ஓடியதற்கு அடித்ததாக அப்பா நினைத்தார், வந்ததற்கு அடி வாங்கியதாக வெள்ளையன் நினைத்திருக்கிறது. நடைத்தோழன் அந்த மிதியடிக் கணக்கை எழுதியபோதுதான் எனக்கு இது விளங்கியது.

உறையூர் அம்மாவுக்கு ஒன்று சொல்கிறேன். கூப்பிட்டு வந்த குட்டியைத் திட்டாதீர்கள், குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ கூப்பிடாதீர்கள், அதற்கு நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். வெளியில் பழக்கும்போது பத்து மீட்டர் கயிறு ஒன்றைக் கட்டித் தரையில் இழுபட விடுங்கள். "ஓடியா" என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டு, துரத்தாமல் எதிர்ப்பக்கம் நான்கு அடி ஓடுங்கள். எந்தக் குட்டியும் ஓடுபவரைத் தொடராமல் இருக்காது. வந்ததும் கூலி கொடுத்துவிட்டு மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். கூப்பிட்டாலே விளையாட்டு முடிந்துவிடும் என்று அது நினைக்கக் கூடாது.

கூலி என்ற சொல்லை நானே எழுதிவிட்டேன், நடைத்தோழன் கவனிக்க வேண்டாம்.

உறையூர்வாசி
நான்கு வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, காலை 7.30

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், எனவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

சிறுநீர் முக்கால்வாசி தீர்ந்தது. இந்த வாரம் ஒரே ஒரு முறைதான் வீட்டுக்குள், அதுவும் கொல்லைக் கதவு மூடியிருந்த எங்கள் தவறு. சாப்பாட்டு நேரக் குரைப்பு நீங்கள் சொன்னதுபோல் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போனது. பக்கத்து வீட்டில் வந்து விசாரித்தார்கள். ஆறாம் நாளிலிருந்து குறைந்தது. இப்போது நான் தட்டுகளை எடுக்கும் சத்தம் கேட்டாலே, சொல்லாமலே போய்ப் பாயில் படுத்துக்கொள்கிறது. பாயின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது என்பது தனிக்கதை. "ஓடியா" வீட்டுக்குள் நன்றாக இருக்கிறது, தெருவில் பாதிக்குப் பாதிதான். குளிர்சாதனப் பெட்டியில் தாள் ஒட்டியிருக்கிறது. மாமியார் மட்டும் "உட்கார்" என்பதற்கு முன்னால் ஒரு "ராசாத்தி" சேர்த்துக்கொள்கிறார். அதை விட்டுவிட்டோம்.

கோலத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது. முதல் வாரம் கூடத்தில் முழங்காலை மடக்குவதோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டாம் வாரம் முழுக் குனிவு, அப்போதும் கூடத்தில்தான். ஒரு நாள் மாமியார் தவறி விழுந்த ஊக்கை எடுக்கச் சட்டென்று குனிந்துவிட, மிளகு குரைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, நான்கு நாள் பின்னுக்குப் போய்த் திரும்பத் தொடங்கினோம். மூன்றாம் வாரம் கோலமாவுக் கிண்ணத்தை வெறுமனே கையில் வைத்துக்கொண்டு. இந்த வாரம் வாசலில், மகன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்க.

இன்று காலை அவர் ஒரு கையில் மாவும் இடுப்பு மடிப்பில் ஆறிய இட்லித் துண்டுகளுமாகப் போய், புள்ளி வைக்கக் குனிந்தார். மிளகு எழுந்து நின்றது, காதுகள் பின்னால் போயின. குரைக்கவில்லை. அவர் ஒரு வரிசைப் புள்ளி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், இடக்கையால் ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்தார். மிளகு மெல்லப் போய் எடுத்துக்கொண்டு படிக்குத் திரும்பியது. ஐந்து வரிசைக்கு ஐந்து துண்டு. கம்பி இழுக்கும்போது வாலை ஆட்டிக்கொண்டே நடுவில் போய் உட்கார்ந்து நான்கு புள்ளிகளை அழித்துவிட்டது, மாமியார் அதைச் சுற்றியே கோலத்தை முடித்தார்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வெடிச் சத்தத்துக்கு இப்போதே ஏதாவது செய்யலாமா?

பின்கட்டு
ஞாயிறு, காலை 8.15

இப்போதே தொடங்க வேண்டும், தீபாவளி வாரத்தில் தொடங்கினால் பயன் இல்லை. கைப்பேசியில் வெடிச் சத்தப் பதிவை, காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் வைத்துவிட்டு, மிளகு சாப்பிடும்போது ஓட விடுங்கள். அது தலையை நிமிர்த்தாத அளவுதான் சரியான அளவு. சில நாளுக்கு ஒருமுறை ஓர் அணு அளவு கூட்டுங்கள், நிமிர்ந்தால் குறைத்துவிடுங்கள். அன்றைய நாளில் வெளிச்சம் போவதற்கு முன்பே கொல்லைக்கு அழைத்துப் போய்விட்டு, சன்னல் குறைந்த உள்ளறையில் மின்விசிறியை ஓடவிட்டு, அந்தக் கோரைப் பாயை அங்கே விரியுங்கள். பயந்து மடியில் வந்து ஒடுங்கினால் ஒடுங்கட்டும், தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறான எண்ணம். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்க வேண்டும், வெடிக்குப் பயந்து ஓடித் தொலையும் நாய்களைத் தேடுவதுதான் ஆண்டுதோறும் எனக்கு அந்த வாரத்து வேலை.

கோலப் புகைப்படம் ஒன்று போடுங்கள், நடுவில் உட்கார்ந்திருப்பதோடு.

கரிசல்காடு
ஞாயிறு, காலை 8.40

நானும் கேட்கிறேன், படம் போடுங்கள். தின்றுபோன பாய் மூலையும் தெரியட்டும்.

உறையூர்வாசி
ஞாயிறு, காலை 9.05

மிளகு அழித்த இடத்தை மாமியார் அதற்குள் பூசணிப்பூ வரைந்து மூடிவிட்டார். நாளைக் காலையில் எடுத்துப் போடுகிறேன்.